இல்பொருள் விமானம்

மாதிரி விமானம் செய்வதைச் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. 1942இல் அமெரிக்கக் கடற்படை அவ்வாறு எண்ணவில்லை. வானில் பறப்பது தன்னுடையதா, பகைவனுடையதா என்பதை நிழலுருவைக் கொண்டே கண்டறியப் படைவீரர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர விமானங்களைச் செய்து தருமாறு அது கேட்டது. அளவு 1/72, ஆறடி மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கும் கணக்கு. அம்மாதிரியை 35 அடி தள்ளி வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ அரை மைல் தொலைவில் பறக்கும் உண்மை விமானம் கண்ணுக்குக் கிடைக்கும். இறக்கையின் வடிவம் பிழைத்தால் நண்பனையே சுட்டு வீழ்த்த நேரலாம் என்பதால், துல்லியம் அங்கே உயிர் சார்ந்த செய்தி.

போருக்குப் பின் பிளாஸ்டிக் பெருகியது. துல்லியத்தின் மீதான பிடிவாதம் மட்டும் மாறவில்லை. இந்தப் பிடிவாதம் அரசுகளை அவ்வப்போது எரிச்சலூட்டியும் இருக்கிறது. 1961இல் ரெவெல் நிறுவனம் போலாரிஸ் நீர்மூழ்கியின் மாதிரியை வெளியிட்டபோது, மூன்று டாலருக்கும் குறைவான விலையில் நாட்டின் இரகசியம் விற்கப்படுவதாக அட்மிரல் ரிக்கோவர் சீறினார்.

ஆனால் மூலத்தையே யாரும் பார்த்திராதபோது நகல் செய்பவன் என்ன செய்வான்? 1980களில் ரேடாருக்குச் சிக்காத ஒரு ஜெட் அமெரிக்காவிடம் இருப்பதாக வதந்தி உலவியது. எஃப்-18க்கு அடுத்து எஃப்-20 என்று எண் வழங்கப்பட்டிருந்ததால், விடுபட்ட 19 அந்த மாய விமானத்துக்கே உரியது என்று ஆர்வலர்கள் முடிவுகட்டினர். பசைக்கும் சிறு வண்ணக் குப்பிகளுக்கும் பெயர்பெற்ற டெஸ்டர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜான் ஆண்ட்ரூஸ், தெரிந்ததையும் ஊகித்ததையும் கூட்டி ஒரு வடிவம் சமைத்தார். வழவழப்பான வளைவுகள், உள்நோக்கிச் சாய்ந்த இரட்டை வால்கள். 1986 ஜூலையில் 'எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்' என்ற பெயரில் கடைக்கு வந்த அது லட்சக்கணக்கில் விற்றது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கே காட்டப்படாத விமானம் பொம்மைக் கடையில் எப்படிக் கிடைக்கிறது என்று ரான் வைடன் லாக்ஹீட் தலைவரிடம் கேட்டார்.

தமிழ் அணியிலக்கணம் இல்பொருள் உவமை என்று ஒன்றைச் சொல்கிறது. உலகில் இல்லாத பொருளைக் கற்பித்து அதை உவமையாக்குவது. எஃப்-19 அத்தகையதே. இங்கு விந்தை, பொருள் இல்லாமலில்லை. வேறு வடிவில் இருந்தது. லாக்ஹீடின் எஃப்-117, 1981 ஜூன் மாதமே பறந்துவிட்டது. நெவாடாவின் டோனோபா தளத்திலிருந்து இரவில் மட்டுமே அதை இயக்கினர். அதில் வளைவுகள் அரிது. பட்டை தீட்டிய கல்லைப் போலத் தட்டையான முகங்கள்; வால்களோ வெளிநோக்கி விரிந்தவை.

அந்தக் கோணங்களுக்கு அழகுணர்ச்சி காரணமன்று. கணினியின் போதாமை காரணம். வளைந்த பரப்பிலிருந்து ரேடார் அலை எப்படிச் சிதறும் என்று முழுமையாகக் கணக்கிட 1970களின் கணினிகளுக்கு வலுவில்லை. தட்டை முகங்களும் விளிம்புகளும் என்றால் முடியும். அதற்கான கணிதம் பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளருடையது. 1962இல் மாஸ்கோவில் அச்சாகி, 1971இல் அமெரிக்க விமானப்படையால் மொழிபெயர்க்கப்பட்டது. லாக்ஹீடின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதில் வழியைக் கண்டார். சோவியத் அரசு அந்நூலைப் பூட்டிவைக்கவே இல்லை. அதன் பயன் அவர்களுக்குப் புலப்படவில்லை, அவ்வளவுதான். காங்கிரஸ் அஞ்சிய பொம்மையில் இரகசியம் ஏதுமில்லை. நூலகத்தில் கிடந்த நூலில் இருந்தது.

ஆண்ட்ரூஸின் ஊகத்தை அறியாமை என்று சொல்லவும் மனம் வரவில்லை. 1988 நவம்பரில் காட்சிக்கு வந்த பி-2, வளர்ந்த கணினிகளின் துணையால் வளைவுகளுடனேயே வந்தது.

டெஸ்டர்ஸ் பெட்டி கடைக்கு வந்த அதே 1986 ஜூலையில், 11ஆம் நாள் இரவு, கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு எஃப்-117 மலையில் மோதி, விமானி இறந்தார். படைவீரர்கள் அப்பகுதியை வளைத்துக்கொண்டனர். விழுந்தது எந்த விமானம் என்று சொல்லப்படவில்லை. இல்லாத விமானத்தைச் சிறுவர்கள் பசையிட்டு ஒட்டிக்கொண்டிருந்த நாட்களில், இருந்த விமானத்தில் இறந்தவர் எதில் இறந்தார் என்பது இரகசியமாகவே இருந்தது. 1988 நவம்பரில் மங்கலான ஒரு படத்தை வெளியிட்ட பிறகே அரசு அதன் இருப்பை ஒப்புக்கொண்டது.

1990 ஏப்ரலில் மக்கள் முன் அது நிறுத்தப்பட்டதும் ஊகத்துக்கு வேலை முடிந்தது. சரியான கோணங்களுடன் மாதிரிகள் வந்தன. 1991 பிப்ரவரி 13 அதிகாலையில், பாக்தாத்தின் அல் அமிரியா பதுங்கிடத்தின்மீது எஃப்-117 விமானங்கள் இரண்டு குண்டுகளை வீசின. இராணுவக் கட்டளை மையம் என்று கருதியே தாக்கியதாக அமெரிக்கா கூறியது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பொதுமக்களில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.