‘சைக்ஸ்’: ஓர் ஆங்கிலக் குடிப்பெயரின் தோற்றமும் வரலாறும்

முன்னுரை

குடிப்பெயர் ஒன்றன் பொருளை அறிவது ஒன்று. அப்பெயரைத் தாங்கிய குடியின் தோற்றத்தை அறிவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் பெயராய்வில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. இங்கிலாந்தின் வடபகுதியைச் சார்ந்த யார்க்சயரில் மிகுதியாக வழங்கும் ‘சைக்ஸ்’ என்னும் குடிப்பெயர் இம்மயக்கத்தைக் களைவதற்கு ஏற்ற சான்றாகும். சொல்லாராய்ச்சி, ஆவணம், மரபணு ஆகிய மூவகைச் சான்றுகளும் இப்பெயருக்குக் கிடைக்கின்றன. அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் ஒலியும்

‘சைக்’ என்பது சிற்றோடையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. தாழ்ந்த ஈரநிலத்தினூடே ஓடும் நீர்க்காலையும் அது குறிக்கும். வயல்களுக்கும் ஊர்களுக்கும் எல்லையாக இத்தகைய ஓடைகள் அமைந்தமையால், இடைக்கால நிலக்கொடை ஆவணங்களில் இச்சொல் அடிக்கடி இடம்பெறுகிறது.

இச்சொல்லின் இறுதி மெய் இங்கிலாந்தின் தென்பகுதியில் சகர ஒலியாகத் திரிந்து ‘சிட்ச்’ என்றாயிற்று. வடபகுதியிலோ ககர ஒலி நிலைத்தது. கி.பி. 866இல் யார்க் நகரைக் கைப்பற்றிய டேனியர்களும் அவர்தம் வழியினரும் அப்பகுதியில் குடியேறினர். அவர்களது பழைய நார்சு மொழியிலும் ‘சீக்’ என்னும் இனச்சொல் இதே பொருளில் வழங்கியமை வடபுல வடிவத்திற்கு வலுச்சேர்த்தது. தேவாலயத்தைத் தெற்கில் ‘சர்ச்’ என்றும் வடக்கில் ‘கிர்க்’ என்றும் வழங்குவது இதற்கு இணையான வழக்காகும். எனவே, ‘சைக்ஸ்’ என்னும் பெயரில் உள்ள ககரமே அதன் தாயகம் வடக்கு என்பதைக் காட்டிவிடுகிறது. ஈகார ஒலி ‘ஐ’ எனத் திரிந்தது, ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஆங்கில நெட்டுயிர்த் திரிபின் விளைவாகும்.

பெயர் குடிப்பெயரான காலம்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், நிலவுடைமையாளரிடையே தந்தைவழிக் குடிப்பெயர் சிறிது சிறிதாக வேரூன்றியது. பொதுமக்களிடையே இவ்வழக்கம் நிலைபெற மேலும் பல தலைமுறைகள் ஆயின. தெற்கைக் காட்டிலும் வடக்கில் அது காலந்தாழ்த்தே நிலைத்தது. அதற்கு முன்னர் ஒருவரது அடைமொழி அவரோடு முடிந்தது. கோவூர் கிழார், மாங்குடி மருதனார் என்னும் சங்கப் புலவர் பெயர்களில் ஊர்ப்பெயர் அடையாக நிற்பினும், அது வழிவழிக் குடிப்பெயராகாமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஓடையருகே வாழ்ந்தவன் ‘ஓடையைச் சார்ந்தவன்’ எனப்பட்டான். அவன் மகன் வேற்றூரில் குடியேறிய பின்னரும் அதே பெயரால் அழைக்கப்பட்டபோதுதான் அடைமொழி குடிப்பெயராயிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரிக்கான பதிவேடுகள் இம்மாற்றத்தை அறிய உதவுகின்றன. அவற்றுள் மேற்கு யார்க்சயருக்குரிய 1379ஆம் ஆண்டுப் பதிவேடு விரிவானது. 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை பங்குதோறும் பதிவு செய்யப்பட்டன. அதன் பின்னரே எளிய குடும்பங்களின் வழிமுறையைத் தொடர்ந்து காண வாய்ப்பு ஏற்பட்டது. கம்பளி நெசவு செழித்த ஹட்டர்ஸ்பீல்டு வட்டாரத்தில் சைக்ஸ் குடும்பங்கள் பல்கிப் பெருகின.

இந்திய வரலாற்றிலும் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. யார்க்சயரைச் சார்ந்த பிரான்சிஸ் சைக்ஸ், கிளைவின் காலத்தில் வங்காளத்தில் பெரும்பொருள் ஈட்டி, பெர்க்சயரில் பாசில்டன் மாளிகையைக் கட்டுவித்தார். பறவையியல் அறிஞரான வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1856இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவரானார். பிரெடரிக் சைக்ஸ் 1928 முதல் 1933 வரை பம்பாய் மாகாண ஆளுநராக விளங்கினார். பெயர் ஒன்றாயிருப்பது கொண்டே இம்மூவரையும் ஒரு குடியினர் எனல் பொருந்தாது.

மரபணுச் சான்று

வடக்கு இங்கிலாந்தில் சிற்றோடைகள் எண்ணற்றவை. ஆதலின், ‘சைக்ஸ்’ என்னும் பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும் எனச் சொல்லாராய்ச்சி கருதியது. இக்கருத்து 2000இல் சோதனைக்கு உட்பட்டது. ஆக்ஸ்போர்டு மரபியல் அறிஞர் பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வெனும், சைக்ஸ் என்னும் பெயருடைய 48 ஆடவரின் ‘ஒய்’ குரோமோசோமை ஆராய்ந்தனர். குடிப்பெயரைப் போலவே இக்குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. ஆராயப்பட்டோருள் 43.8 விழுக்காட்டினர் ஒரே மரபணு வகையைக் கொண்டிருந்தனர். இன்று வாழும் சைக்ஸ் குடியினர் ஒரே மூதாதையின் வழியினராகலாம் என்றும், ஏனையோரிடம் காணப்படும் வேறுபாட்டிற்குத் தந்தைவழி இடையறுதல் காரணமாகலாம் என்றும் அவர்கள் முடிவு கூறினர். அவ்விடையறுதலின் அளவைத் தலைமுறைக்கு 1.3 விழுக்காடு எனவும் கணித்தனர்.

இம்முடிவு சொல்லாராய்ச்சியைப் பொய்யாக்கியதா? 2009இல் டூரி கிங், மார்க் ஜாப்ளிங் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவிற்கு விடை காண உதவுகிறது. 40 குடிப்பெயர்களுக்குரிய 1,678 ஆடவரை ஆராய்ந்த அவர்கள், அருகி வழங்கும் பெயர்களில் மரபணு ஒற்றுமை மிக்கிருப்பதையும், ‘ஸ்மித்’ போன்ற பெருவழக்குப் பெயர்களில் அது இல்லாமையையும் கண்டனர். ஆண்மக்கள் இன்றிச் சில வழிகள் அற்றுப்போவதும், வேறு சில வழிகள் தற்செயலாகப் பல்கிப் பெருகுவதும் உண்டு என்பதையும் விளக்கினர். எனவே, எஞ்சியிருப்போருள் ஒரு வழியினர் மிக்கிருத்தல், தொடக்கத்தில் அவ்வழி ஒன்றே இருந்தது என்பதற்குச் சான்றாகாது. கொள்ளைநோய்கள் மிகுந்த இடைக்காலத்தில், பெயரைத் தாங்கிய பல வழிகள் சுவடின்றி மறைந்திருக்கக் கூடும்.

முடிவுரை

பெயர் எம்மொழியில், எந்நிலத்தில் பிறந்தது என்பதைச் சொல்லாராய்ச்சி கூறும். எக்காலத்தில் நிலைத்தது என்பதை ஆவணம் கூறும். இன்று வாழ்வோரிடையே குருதித் தொடர்பு உண்டா என்பதை மரபணு கூறும். ஒன்றற்குரிய வினாவை மற்றொன்றிடம் கேட்டு விடை பெறுதல் இயலாது. பெயரொற்றுமையைக் கொண்டு குலப்பெருமை பேசுவோர்க்கும், மரபணு ஒன்றையே நம்பி மொழிச்சான்றைப் புறந்தள்ளுவோர்க்கும் ‘சைக்ஸ்’ என்னும் இப்பெயரின் வரலாறு ஒருங்கே விடையாகிறது. ஓடைகள் பல இருந்தன. அவற்றின் கரையில் வாழ்ந்தோரும் பலர். அவர்களுள் எவருடைய வழி இன்றுவரை நீண்டது என்பது வேறு வரலாறு.