உரகாமி: பாடுகளுக்குப் பெயரிட்ட ஊர்

ஜப்பானின் கியூஷு தீவில், நாகசாகி நகரின் வடபக்கத்தில் உள்ள பள்ளத்தாக்கு உரகாமி. முன்பு தனிக் கிராமமாக இருந்தது. இன்று நகரின் ஒரு பகுதி. இரண்டரை நூற்றாண்டுக் காலத் தடைக்குள், பெரும்பகுதி ஒரு குருகூட இல்லாமல், கிறிஸ்தவ விசுவாசத்தை வீட்டுக்குள் மறைத்துக் காத்த குடியானவர்களின் ஊர் இது. 1945-இல் அணுகுண்டு வெடித்ததும் இந்தப் பள்ளத்தாக்கின் மேலேதான். தாங்கள் படும் பாடுகளுக்கு என்ன பொருள் என்ற கேள்வியை இவ்வூரார் ஏட்டில் கேட்கவில்லை, வாழ்ந்து கேட்டார்கள். விடையாக ஒவ்வொரு காலத்திலும் ஒரு சொல்லைக் கண்டெடுத்தார்கள். அந்தச் சொற்களைப் பின்தொடர்ந்தால் ஊரின் வரலாறு தானாகவே வந்துவிடும்.

ஜப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுசென்றவர் தமிழர் நன்கறிந்த சவேரியார். முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றியபின், 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். தாம் இல்லாத ஊர்களில் ஜெபம் சொல்லித்தர முத்துக்குளித்துறையில் அவர் கணக்கப்பிள்ளைகள் எனும் பொதுநிலையினரை நியமித்திருந்தார். குருக்கள் இல்லாத திருச்சபை பொதுநிலையினர் தோளில் நிற்கும் என்பதை உரகாமி பின்னாளில் மெய்ப்பித்தது. 1584-இல் அரிமா ஹருனோபு என்ற சிற்றரசர் இந்தக் கிராமத்தை இயேசு சபையாருக்குக் கொடுத்தார்.

மூன்றே ஆண்டுகளில், 1587-இல், ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி குருக்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். கடுங்குளிரில் கியோட்டோ பக்கத்திலிருந்து நடத்தியே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். லூயிஸ் இபராகிக்கு வயது 12. மும்பைக்கு அருகில் வசாயில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் அவர்களில் ஒருவர். வேதசாட்சி மரணத்தைக் குறிக்கும் ‘மருச்சிரியோ’ என்ற போர்த்துகீசியச் சொல் ஜப்பானிய நாவில் ஏறிய காலம் அது. பாடுகள் கிறிஸ்துவின் பாடுகளில் பங்கு என்ற நம்பிக்கை அப்போது வெளிப்படையாகவே நின்றது. கூட்டத்தார் இறந்தவர்களின் துணித்துண்டுகளைப் போற்றி எடுத்துச் சென்றார்கள்.

ஆட்சியாளர்கள் இதைக் கவனித்தார்கள். கொன்றால் விசுவாசம் வளர்கிறது என்று கண்டு, மறுக்கவைக்கும் வழியைத் தேடினார்கள். 1614-இல் டோக்குகவா ஆட்சி நாடு முழுதும் தடைவிதித்தது. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் வதை வந்தது. 1633-இல் இயேசு சபையின் மூத்த குருவான கிறிஸ்டோவாவ் ஃபெரேரா அதில் விசுவாசத்தைக் கைவிட்டார். ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்துகொள்ள வேண்டும் என்றானது. இவற்றோடு ‘ஃபுமியே’யும் வந்தது: கிறிஸ்துவின் அல்லது மாதாவின் உருவத்தை ஆண்டுதோறும் காலால் மிதித்துக் காட்டவேண்டும். உரகாமியில் இது ஊர்த்தலைவரின் வீட்டில் நடந்தது.

உரகாமி மக்கள் மிதித்தார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, ‘கொஞ்சிரிசான்’ ஜெபத்தைச் சொல்லி அழுதார்கள். பழைய தமிழ்க் கத்தோலிக்கர் ‘உத்தம மனஸ்தாபம்’ என்று சொல்வது இதுவே. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத நிலையில், உள்ளம் உடைந்து வருந்துகிறவருக்கு மன்னிப்பு உண்டு என்று 1603-இல் தோன்றிய ஒரு சிறுநூல் கற்பித்திருந்தது. மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் கொண்டுசென்றார்கள். வேதசாட்சிகளைப் பேசும் நூல்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அது நியாயமன்று. மரணம் ஒருமுறை வரும். இவர்களுடைய பாடு ஆண்டுக்கொருமுறை வந்தது, அதுவும் வெட்கத்தின் உருவில். எண்டோ ஷுசாகு 1966-இல் எழுதிய ‘மௌனம்’ நாவல்தான் மிதித்தவர்களின் வேதனையை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது.

மறைந்து வாழ்ந்த சபைக்கு ஒழுங்கு இருந்தது. திருநாள் கணக்கு வைத்திருந்த ‘சோகதா’ தலைவர். ‘மிசுகதா’ ஞானஸ்நானம் கொடுப்பவர். ‘கிகியாகு’ வீடுவீடாகச் செய்தி சொல்பவர். ஏழு தலைமுறைக்குப் பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் கப்பலில் வருவார்கள் என்று, கொல்லப்பட்ட உபதேசியார் பாஸ்டியான் சொல்லிச் சென்றதாக நம்பிக்கை. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டினருக்காகப் புதிதாகக் கட்டிய ஒவுரா கோவிலுக்கு உரகாமியிலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. அவர்களில் ஒரு பெண் பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜானை நெருங்கி, எங்கள் நெஞ்சமும் உங்கள் நெஞ்சமும் ஒன்றே என்று தணிந்த குரலில் சொல்லி, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்.

தடை அப்போதும் நீங்கவில்லை. பௌத்த முறை அடக்கத்தை ஊரார் மறுக்கத் தொடங்கியதும், 1867-இல் கைதுகள் தொடங்கின. இவ்வூரில் இதற்கு முன்பும் மூன்று முறை வேதகலாபனை நடந்திருந்தது. ஒவ்வொன்றையும் ‘குசுரே’, அதாவது குலைவு, என்று எண்ணி வைத்திருந்தார்கள். இது நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது. புதிதாக வந்த மெய்ஜி அரசு ஊரையே பெயர்த்து, 3,000-க்கும் மேற்பட்டவர்களை மேற்கு ஜப்பானின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தியது. த்சுவானோவில் நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டில் சிலரை அடைத்தார்கள். உறைந்த குளத்தில் சிலரை அமிழ்த்தினார்கள். 600-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மேலைநாடுகளின் கண்டனத்தால் 1873-இல் தடைப் பலகைகள் இறக்கப்பட்டன. உயிர்பிழைத்து வந்தவர்கள் அந்த ஆண்டுகளுக்கு வைத்த பெயர் ‘தபி’. பயணம் என்று பொருள். சிறை என்றோ கொடுமை என்றோ அவர்கள் சொல்லவில்லை. பயணத்துக்குப் புறப்பாடும் உண்டு, வந்துசேரும் இடமும் உண்டு.

திரும்பியவர்களிடம் நிலமும் கருவியும் இல்லை. 1874-இல் நோய் பரவியபோது, நாடுகடத்தலிலிருந்து மீண்ட இவானாகா மாகி முதலிய இளம்பெண்கள் நோயாளிகளையும் அனாதைக் குழந்தைகளையும் கவனித்தார்கள். பின்னர் மக்கள் காசு சேர்த்து ஊர்த்தலைவரின் பழைய வீட்டு மனையை வாங்கினார்கள். தாங்களும் முன்னோரும் திருவுருவை மிதித்த அதே மண்ணில் கோவில் எழும்பியது. 1895-இல் தொடங்கி 1914-இல் முடிந்தது. இரட்டை மணிக்கோபுரங்கள் 1925-இல். தங்கள் வரலாற்றுக்கு இவ்வூரார் எழுதிய உரை அந்தக் கட்டடம்.

1945 ஆகஸ்ட் 9, காலை 11:02. கொக்குரா நகரின்மேல் இலக்குத் தெரியாததால் நாகசாகிக்குத் திருப்பப்பட்ட விமானம் குண்டைப் போட்டது. வெடித்த இடத்துக்கும் கோவிலுக்கும் ஏறத்தாழ 500 மீட்டர். மாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் இறந்தார்கள். உரகாமியின் 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் மாண்டார்கள்.

எஞ்சியவர்களை வேறொரு பேச்சும் சுட்டது: நகரின் தெய்வங்களை வணங்காததால் வந்த தண்டனை இது என்று. நவம்பர் 23 அன்று இடிபாடுகளுக்கு முன் நடந்த இரங்கல் பூசையில் மருத்துவர் நகாய் தகாஷி இதற்கு விடை சொன்னார். குண்டுக்கு முன்பே கதிர்வீச்சு வேலையால் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர் அவர். உரகாமியின் சோகதா வழிவந்த அவருடைய மனைவி மிதோரி எரிந்த வீட்டில் எலும்பாகவும் ஜெபமாலையாகவும்தான் அவருக்குக் கிடைத்தார். நகாய் பயன்படுத்திய சொல் ‘ஹன்சாய்’. தமிழ் வேதாகமத்தின் சர்வாங்க தகனபலி. போரின் பாவத்துக்குக் கழுவாயாக மாசற்ற ஆட்டுக்குட்டியாய் உரகாமி தெரிந்தெடுக்கப்பட்டது, அதற்காக நன்றி சொல்வோம் என்றார்.

பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களை அந்தச் சொல் நிமிர வைத்தது. தண்டனைக்கு உள்ளானவர்கள் என்ற இழிவிலிருந்து அவர்களை மீட்டது. ஆனால் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1970-களில் கவிஞர் யமதா கானும், பின்னர் சிந்தனையாளர் தகாஹாஷி ஷின்ஜியும் கேட்டது சரியான கேள்வி: கடவுளின் திட்டம் என்றால், போரைத் தொடங்கியவர்களும் குண்டைப் போட்டவர்களும் பொறுப்பிலிருந்து தப்பிவிட மாட்டார்களா? பாடுகளுக்குப் பொருள் காண்பது வேறு, காரணம் சொல்வது வேறு. நகாயின் உரையில் இரண்டும் கலந்துவிட்டன என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். ‘தபி’யில் அந்தக் கலப்பு இல்லை, நாடுகடத்தியது அரசு என்பதை அச்சொல் ஒருபோதும் மறைக்கவில்லை. நகாயின் வாழ்க்கை அவருடைய உரையைவிடத் தெளிவானது. இரண்டு பாய் அளவேயான குடிலுக்கு, ‘உன்னைப்போல’ என்ற வேதாகமச் சொல்லைக் கொண்டு ‘நியோகோதோ’ என்று பெயரிட்டு, 1951 மே 1 அன்று இறக்கும்வரை படுத்தபடியே எழுதினார்.

1981 பிப்ரவரியில் ஹிரோஷிமா வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், போர் மனிதரின் செயல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுவரை வாய்திறக்காத கத்தோலிக்கர் சிலர், தங்கள் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை அதன்பிறகு பொதுவில் சொல்லத் தொடங்கினார்கள். பழைய கோவிலின் இடிபாடுகள் 1958-இல் அகற்றப்பட்டு அடுத்த ஆண்டு புதிய கோவில் எழுந்தது. கண்கள் எரிந்து குழியான மாதாவின் மரச்சிரசு இன்றும் அங்கே இருக்கிறது. இரட்டை மணிகளில் ஒன்று இடிபாட்டுக்குள் சிதையாமல் கிடைத்து, 1945 கிறிஸ்துமஸுக்கு ஒலித்தது. உடைந்த மற்றொன்றுக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கொடையாகக் கொடுத்த மணி 2025 ஆகஸ்ட் 9 அன்று, 80 ஆண்டுகளுக்குப் பின், 11:02-க்கு அதனுடன் சேர்ந்து ஒலித்தது.