‘கனிமம்’ என்கிற சொல்

அமெரிக்க மேற்குப் பகுதியின் நில வரலாற்றை, உழைக்கிறவனுக்கு அரசு இலவசமாக நிலம் கொடுத்த கதையாடலாகவே நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். 1862 குடியேற்றச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் வந்தவை. 1909, 1910 சட்டங்கள் நிலத்தைக் குடியேறியவருக்குக் கொடுத்துவிட்டு, அடியிலிருந்த நிலக்கரியை அரசிடமே நிறுத்திக்கொண்டன. 1916இல் வந்த கால்நடை வளர்ப்புக் குடியேற்றச் சட்டம் இன்னும் தள்ளிப் போனது. மேய்ச்சலுக்குத்தான் லாயக்கு என்று வகைப்படுத்திய நிலத்தில் 640 ஏக்கர் வரை பட்டா. ஆனால் நிலக்கரியும் மற்ற எல்லாக் கனிமங்களும் அரசுக்கு. இப்படிக் கைமாறியது 3 கோடி ஏக்கருக்கு மேல். கனிமம் தேடுகிறவன் உள்ளே வரலாம், தோண்டலாம். பயிருக்கும் கட்டுமானத்துக்கும் நஷ்டஈடு கொடுத்தால் போதும். 30 நாள் முன்னாடி நிலத்துக்காரனிடம் சொல்லிட்டு வரணும் என்கிற விதிகூட 1993இல்தான் வந்தது.

சரி, கனிமம்னா எது? 1916 சட்டம் விளக்கவில்லை. வயோமிங்கில் ஒரு நிறுவனம் தன் நிலத்திலேயே சரளைக்கல்லை அள்ளித் தொழிலாளர் குடியிருப்புக்குத் தெரு போட்டது. (ஏழை விவசாயி அல்ல, யுரேனியக் கம்பெனி, கண்ணீர் விட வேண்டாம்.) அத்துமீறல் என்றது அரசு. 1983இல் உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சரளையும் கனிமமே என்று தீர்த்தது. நிலக்கொடைப் பத்திரத்தில் ஐயம் வந்தால் அரசுக்குச் சாதகமாக வாசிக்க வேண்டும் என்பது அது எடுத்துக்கொண்ட விதி. நெவாடாவுக்கான 1919 சட்டத்திலோ ‘மதிப்புள்ள கனிமங்கள்’ என்றிருந்தது. அந்த ஒற்றை அடைமொழியால் 2004இல் அங்கே சரளை நிலத்துக்காரருக்குப் போனது.

இதற்கு நடுவே 1999. அரசு ‘கொடுத்த’ நிலம் முதலில் யாருடையது என்கிற கேள்வி இங்கேதான் தலைகாட்டுகிறது. கொலராடோவின் தெற்கு யூட் பழங்குடியினரின் நிலம் 1880இல் அரசு வசமானது. குடியேறியவர்களுக்குப் பட்டா போட்டதும் அதில்தான். அரசு நிறுத்திவைத்த நிலக்கரியை 1938இல் யூட்களின் பெயரில் பொறுப்புரிமையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பிற்பாடு கரிப்படுகைக்குள் இருக்கிற மீத்தேன் பணமானது. கரி எங்களுடையது, அப்போ வாயுவும் எங்களுடையதுதானே என்று யூட்கள் கேட்டார்கள். 1909இல் கரி என்றால் திடப்பொருள், வாயு அதில் சேராது என்று 7க்கு 1 கணக்கில் தீர்ப்பானது. ஐயத்தை அரசுக்குச் சாதகமாக வாசிக்கிற அந்த விதி, அரசு வழியாக யூட்களுக்கு வந்த உரிமைக்குக் கைகொடுக்கவில்லை.

மறுத்த ஒரே நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவர் 1983 தீர்ப்பையே எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் மீத்தேன் சுரங்கத்துக்குள் ஆளைக் கொல்கிற தொல்லை. அதற்குப் பொறுப்பு மேல்நிலத்துக்காரன் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், கரிக்கு உரிமையாளரே பொறுப்பு. அந்தத் தொல்லை சொத்தாக மாறும்போது உரிமையும் கைமாற வேண்டும் என்று காங்கிரஸ் கருதியதாகத் தெளிவில்லை என்று எழுதினார்.