280 சதுர மீட்டர் கிறிஸ்துமஸ்

லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிறிஸ்துமஸ் அன்று பால் வாங்கக் கிளம்பினேன். பஸ் இல்லை, ரயில் இல்லை. சூப்பர்மார்க்கெட் பூட்டிக் கிடந்தது. தெருமுனையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் சின்னக் கடை மட்டும் திறந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால் அவர் மகள் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கும் லீவு இல்லையா அண்ணே?”

“பெரிய கடையள் பூட்டினாத்தானே தம்பி எங்களுக்கு யாவாரம்.”

அங்கே பூட்டு, இங்கே திறப்பு, இரண்டுக்கும் காரணம் ஒரே சட்டம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிரிட்டனில் இந்த விவாதம் கடைப் பணியாளர்களின் கால்வலியில் தொடங்கியது. ஜான் லப்பக் முயற்சியால் வந்த 1886ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. 74! வரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்? 14 வயதில் துணிக்கடை வேலைக்குப் போன மார்கரெட் பாண்ட்ஃபீல்ட், பிற்பாடு புனைபெயரில் பணியாளர்களின் வாழ்க்கையை எழுதினார். தொழிற்சங்கத்தில் வளர்ந்து 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரும் ஆனார்.

1911இல் வாரம் அரைநாள் விடுமுறை கிடைத்தது. 1928இல் இரவு 8 மணிக்குக் கடையடைப்பு, வாரத்தில் ஒருநாள் மட்டும் 9 மணி என்று ஆனது. ஆனால் இந்த விதிகளையெல்லாம் தொகுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் அடைப்பு நேரத்தைத் தளர்த்திக்கொள்ள முடிந்தது. ஆள் அதிகம் களைத்துப்போகும் நாள்களில்தான் சட்டம் கண்ணை மூடிக்கொண்டது. இன்றுவரை எனக்கு உறுத்துவது இதுதான்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. ஞாயிறு வணிகத்தைத் திறந்துவிட 1986இல் தாட்சர் அரசு கொண்டுவந்த மசோதா 296க்கு 282 என்று தோற்றது. ஆளும் கட்சியிலேயே 72 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். தேவாலயமும் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் நின்ற அபூர்வக் காட்சி அது! ஆனால் 1991 டிசம்பரில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சட்டத்தைப் பொருட்படுத்தாமல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் கதவைத் திறந்தன. வசூலுக்கு முன்னால் அபராதம் எம்மாத்திரம்?

நாடாளுமன்றம் 1994இல் ஒரு சமரசத்துக்கு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை 10 முதல் மாலை 6க்குள் தொடர்ச்சியாக 6 மணி நேரம் திறக்கலாம். ஞாயிறு வேலையை மறுக்கும் உரிமை பணியாளர்களுக்குக் கிடைத்தது. கிறிஸ்துமஸ் ஞாயிறில் வந்தால் பெரிய கடைகளுக்குப் பூட்டு. வேறு கிழமையில் வந்தால்? அந்த ஓட்டையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் அடைத்தது. எந்தக் கிழமையானாலும் டிசம்பர் 25 பெரிய கடைக்கு விடுமுறை.

சின்னக் கடைக்கு அளவுகோலே வேறு. பெரிய கடைகளிடமிருந்து அது பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்ட இடம்தான் அந்த 280 சதுர மீட்டர். அந்த இடத்தில் நம் ஆட்கள் நிறையப் பேர் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அங்கே முதலாளி, தொழிலாளி, காவலாளி எல்லாம் ஒரே ஆள். வேலையை மறுக்கும் உரிமையை அவர் யாரிடம் போய்க் கேட்பது? ‘குடும்ப நாள்’ என்று மேடையில் பேசியவர்கள் தரைப்பரப்பை அளந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் கணக்கில் வரவில்லை.

2016இல் டிசம்பர் 26க்கும் கடையடைப்பு வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றத்தில் விவாதமும் நடந்தது. அரசு மசியவில்லை.

அன்றைக்குப் பாலுக்குக் காசு கொடுக்கும்போது, “நாளைக்கும் திறப்பீங்களா?” என்று கேட்டேன்.

“நாளைக்குப் பெரிய கடையில ‘சேல்’ தம்பி. இங்க ஆர் வரப்போகினம்? வெள்ளனப் பூட்டிட்டுப் பிள்ளையோட வீட்டை இருப்பன்.”