பியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஓர் ஒப்பீடு

இத்தாலியத் தொடர்புடைய, இந்தியாவில் தயாரான இரு பழைய கார்கள். பியட் 1100 டியூரின் நகர நிறுவனமான பியட்டின் படைப்பு. அதைப் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்தது. 1974 முதல் அந்தக் கார் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்றது. ஹெரால்டு பிரிட்டிஷ் கார். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் மதராஸில் தயாரானது.

அமைப்பு: பியட்டுக்கு 1089 சி.சி. எஞ்சின், உடலும் அடிச்சட்டமும் ஒன்றே. ஹெரால்டுக்கு 948 சி.சி.; தனிச் சேஸியின் மேல் உடல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. அதன் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஹெரால்டு குறுகிய தெருவிலும் எளிதாகத் திரும்பும்.

சேகரிப்போருக்கு: மும்பை டாக்சியாக 2023 வரை ஓடிய பத்மினிக்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது, ஹெரால்டுக்குத் தேடி அலையவேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் உப்புக்காற்று இல்லாததால் துரு மெதுவாகவே பிடிக்கும். ஆனால் வெயிலில் கதவு ரப்பர் வெடிக்கும். மழைக்குப் பின் அடியில் அப்பும் கரிசல் மண் ஈரம் காத்து அடிப்பாகத்தை அரிக்கும்.