கானா நாட்டின் இசைக் கல்வி வளர்ச்சி
மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் பள்ளி இசைக் கல்வி கிறிஸ்தவ மிஷன்களின் துதிப்பாடல் வகுப்புகளில் தொடங்கியது. உள்ளூர் முரசுகளுக்கு அங்கு இடமில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தால் சொற்பொருள் மாறும் ட்வி மொழியை ஐரோப்பிய மெட்டுகள் சிதைத்தன. பேச்சின் ஏற்ற இறக்கத்தையொட்டி மெட்டமைத்தவர் அக்ரோபோங் பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் எஃப்ராயிம் அமு (1899-1995). மரபுடையில் தேவாலயத்தில் பிரசங்கித்த அவர், 1933-இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்த நடவடிக்கையே இசைக் கல்விக்கு ஆதாயமாயிற்று எனலாம். பின்னர் அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியரானார். 'அட்டென்டெபென்' என்னும் மூங்கில் குழலையும் மாணவர்களிடையே பரப்பினார். விடுதலைக்குப் பின், லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் குவாபெனா நிகெட்டியா (1921-2019) ஆப்பிரிக்க இசையைப் பல்கலைக்கழகப் பாடமாக நிலைநிறுத்தினார். இசை ஆசிரியர் பயிற்சி வின்னெபாவில் அளிக்கப்படுகிறது.