மேரிக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை?

1970 செப்டம்பர் 19, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி மினியாபொலிஸ் நகரத்துச் செய்தி நிலையமொன்றில் வேலை கேட்டு உட்கார்ந்திருக்கிறாள். பெயர் மேரி ரிச்சர்ட்ஸ். எதிரே இருக்கும் லூ கிராண்ட் முதலில் வயதைக் கேட்கிறார், பிறகு மதத்தைக் கேட்கிறார், கடைசியில் கல்யாணம் ஆச்சா என்கிறார். ஆகவில்லை. அடுத்த ஏழு ஆண்டுகள், 168 எபிசோடுகள் ஓடிய பிறகும் ஆகவில்லை.

‘தி மேரி டைலர் மூர் ஷோ’வை உருவாக்கிய ஜேம்ஸ் எல். புரூக்ஸும் ஆலன் பர்ன்ஸும் முதலில் மேரியை விவாகரத்தானவளாகத்தான் நினைத்திருந்தார்கள். நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. 1961 முதல் 1966 வரை டிக் வான் டைக்கின் மனைவியாக நடித்து வீடுதோறும் பழகிய முகம் மேரி டைலர் மூருடையது. இப்போது விவாகரத்து என்றால், அவரையே விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்களாம்! அதனால் கணவன் காதலனானான். விவாகரத்து காதல் முறிவானது. முதல் எபிசோடிலேயே அவளைத் தேடி வரும் டாக்டர் பில் அப்படிப் பிறந்தவர். இரண்டு வருஷம் பழகியும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டவர். வாசல்வரை வந்தவரை அவள் மரியாதையாகவே அனுப்பிவைக்கிறாள்.

அதன்பிறகு வந்தவர்களின் பட்டியல் நீளம். தன்னைவிடக் குள்ளமான எழுத்தாளர், எட்டு வயது இளையவர், மாலை வகுப்பில் இதழியல் சொல்லித்தந்த டேன் விட்ஃபீல்ட் என்று பலர். பெரும்பாலானவர்கள் ஒரு எபிசோடோடு சரி. வேடிக்கைக்காக எழுதப்பட்டவர்கள்தான். ஆனால், ஒரு தனிப்பெண் எதையெல்லாம் செய்ய விடுவார்கள் என்ற எல்லைக்கோடு அந்த ஆண்டுகளில் எப்படி நகர்ந்தது என்பது இவர்களைச் சுற்றி நடந்தவற்றில் தெரிகிறது.

1972ஐ எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மணமாகாதவர்களுக்கும் கருத்தடைச் சாதனங்களைப் பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் ஒளிபரப்பான எபிசோடில் மேரியின் அம்மா, மாத்திரையை மறந்துடாதே என்று அப்பாவுக்கு ஞாபகப்படுத்துகிறார். அப்பாவும் மகளும் ஒரே குரலில், மறக்கமாட்டேன் என்கிறார்கள். அது என்ன மாத்திரை என்று யாரும் விளக்கவில்லை. பார்த்தவர்களுக்குப் புரிந்தது. எட்டு மாதத்துக்கு முன் நீதிபதிகள் எழுதியதைத் தொடர் ஒரே சிரிப்பில் கடந்துவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு எபிசோட். தனக்கு முன் அந்த வேலையைப் பார்த்த ஆண் வாரத்துக்கு 50 டாலர் கூடுதலாக வாங்கியது மேரிக்குத் தெரியவருகிறது. ஏன் என்று கேட்கிறாள். அவருக்குக் குடும்பம் இருந்தது என்கிறார் லூ. கல்யாணம் ஆகாததற்கு விலை உண்டு. வாரம் 50 டாலர்.

மாடி வீட்டுத் தோழி ரோடாவுக்குத் தனித்தொடர் தந்தார்கள். 1974 அக்டோபர் 28 அன்று அவள் கல்யாணம் ஒளிபரப்பானபோது நாடே உட்கார்ந்து பார்த்தது. அதே நாளில்தான் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் கையெழுத்தானது. பெண் என்பதாலோ கல்யாணம் ஆகாதவள் என்பதாலோ வங்கி கடன் மறுக்கக் கூடாது என்றது அது. கல்யாணத்தை எல்லாரும் பார்த்தார்கள். சட்டத்தை எத்தனை பேர் கவனித்தார்களோ. 1976இல் ரோடா கணவனைப் பிரிந்தாள். மேரிக்கு மறுக்கப்பட்ட கதை ஆறு வருஷம் கழித்துத் தோழி வீட்டுக்குள் வந்தது.

மேரி உண்மையாகக் காதலித்தது 1975இல், ஜோ வார்னரை. நடித்தவர் டெட் பெஸல். ‘தட் கேர்ள்’ தொடரில் மார்லோ தாமஸின் காதலராக 1966 முதல் 1971 வரை வந்தவரும் அவரே. அங்கேயும் கல்யாணத்தோடு முடிக்க மார்லோ தாமஸ் சம்மதிக்கவில்லை. கல்யாணம்தான் பெண்ணுக்கு முடிவு என்று பார்க்கிற சிறுமிகள் நினைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. இரண்டு கதாநாயகிகளுக்கும் காதலரான மனிதர், இரண்டு இடத்திலும் மாப்பிள்ளையாகாமலே போனார். ஜோ இரண்டு எபிசோடுக்குப் பின் வரவேயில்லை.

மிச்சமிருந்தது லூ. கடைசிக்கு முந்தைய எபிசோடில் மேரியே அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். முத்தமிடப் போகிறார்கள், பாதியில் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ‘சுபம்’ போட இதைவிடச் சுலபமான வழி எழுதியவர்களுக்கு இருந்திருக்காது. ஆனால், ஏழு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்ததில் வந்த நட்பைக் காதலாக மாற்றினால்தான் அதற்கு மதிப்பு என்று அவர்கள் நினைக்கவில்லை.

1977 மார்ச் 19. நிலையத்துக்கு வந்த புது நிர்வாகி, உளறிக்கொட்டும் செய்தி வாசிப்பாளர் டெட் பேக்ஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் வேலையைவிட்டு அனுப்புகிறார். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் மேரியின் காதலர் என்று ஒருவருமில்லை. எல்லாரும் போன பிறகு அவள் திரும்பி ஒருமுறை அறையைப் பார்க்கிறாள், விளக்கை அணைக்கிறாள், கதவை மூடுகிறாள்.

வேலை கேட்டு வந்த அன்று கேட்ட கேள்விக்குப் பதில் மாறவில்லை. ஆனால் அதற்குள் அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்டிருந்தார்கள்.